யானைக்குப் பச்சை

சத்தீஸ்கர்

அன்புள்ள சரிதாவுக்கு,

நானும் போர்வெல் ரிக் வண்டியில் இருக்கிற எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? நம் கனிஷ்கா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போனில் சொன்னால் குறுக்கே கேள்வி கேட்பாய் என்றுதான் எழுதுகிறேன். போன வாரம் போர் போடும்போது இரும்பு ராடு ஒன்று நழுவி என் பக்கத்தில் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அதிலிருந்து கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தாலே நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. இங்குள்ள டாக்டர் பரிசோதித்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை, பயம்தான், தினமும் ஏதாவது படத்துக்குக் கலர் அடி என்றார்.

கனிஷ்காவின் கலர் புத்தகமும் பென்சிலும் என் பையில் தவறி வந்திருந்தன. வேலைக்கு முன் ஒரு பக்கம் அடிக்கிறேன். கோட்டைத் தாண்டக்கூடாது என்று பார்ப்பதிலேயே படபடப்பு இறங்கிவிடுகிறது. சமையல்காரர் சின்னுசாமி அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏன் மாப்ள, ஆனைக்கு எதுக்குப் பச்சை அடிக்கற?" என்றார். "கருப்பு தீந்து போச்சுங்ணா" என்றேன்.

புத்தகத்தைக் காணோம் என்று அவள் அழுதாளா? அவள் பாதியில் விட்ட மயிலை நான் தொடவில்லை.

இப்போது கை நடுக்கம் சுத்தமாக இல்லை. கவலைப்படாதே.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் செங்கோடன் அண்ணன் பத்து நாளில் திரும்பி வருவார். அவரிடம் இரண்டு கருப்புப் பென்சிலும் ஒரு ஷார்ப்னரும் கொடுத்துவிடு. இதுவரை பிளேடில்தான் சீவினேன். நேற்று சீவும்போது சின்னுசாமி அண்ணன் என் கையைப் பார்த்துவிட்டு, "அத இப்படிக் குடு சாமி" என்று பிளேடை வாங்கி வைத்துக்கொண்டார்.

கம்ப்ரசர் போட்டுவிட்டார்கள். கூப்பிடுகிறார்கள்.

முருகானந்தம்