நடுவதற்கு மட்டும் வந்த காசு

இஞ்சாரும்,

இன்று காலை நான் ஊற்றிய தேத்தண்ணி உப்புக் கரித்தது. சில நாளாகத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி இந்தப் பக்கம் வரவில்லை. குடத்தில் இருந்தது முடிந்துபோக, எங்கள் மணற் கிணற்றில் அள்ளி வந்து கொதிக்க வைத்தேன். சீனியை அள்ளிப் போட்டும் கரிப்புப் போகவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுப் பேணியைக் கீழே வைத்தேன். உம்மோடு கதைக்க வேண்டும் போல இருந்தது. வீட்டில் ஆள் இல்லை. ஆனால் இப்போது எனக்கு எழுதத் தெரியும்.

ஓம், எழுதத் தெரியும். நீர் நம்பமாட்டீர். வாசிகசாலையில் பின்னேரங்களில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு வைக்கிறார்கள். மாட்டுக் கயிறு பிடித்துக் காய்த்துப்போன விரலுக்குள் பென்சில் முதலில் நிற்கவே இல்லை. இப்போது நிற்கிறது. மேலே இருக்கும் பந்தியை எழுத ஒரு பொழுது முழுக்கப் போனது. எழுதிவிட்டு எழும்பிப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் எழுத்தெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதப் போகிற சங்கதி சிரிக்கிற சங்கதி இல்லை. ஆனாலும் எழுத எழுத உள்ளே ஒரு சந்தோசம் வருகிறது. அதை உமக்கு மறைத்து என்ன செய்ய?

நீர் புளியங்கூடலிலிருந்து கலியாணம் முடித்து இங்கே வந்த அன்று முதல் செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இதென்ன, இளநியைக் கலந்து வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டீர். உங்கள் வளவுக் கிணறு சவர், உப்புக் கரிக்கும். பிறந்ததிலிருந்து சவர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் நீர். அன்றைக்கே இன்னொரு செம்பும் வாங்கிக் குடித்தீர். புதுப் பெண்ணுக்கு இவ்வளவு தாகமோ என்று சனம் சிரித்தது.

எங்கள் ஊர் மணற் கிணற்றுக்கும் கடலுக்கும் இடையில் கிடந்த மணல் முழுக்க அரசாங்கக் காணி. அதில் பற்றைக் காடு. பாவட்டை, காரை, சூரை, ஈச்சு, கரையை அண்டித் தாழை. ஆள் உயரத்துக்கு மேல் போகாத காடு. மண்கும்பானில் பஸ்ஸால் இறங்கி நடந்து வருகிற வெளியூரார் அதைக் காடென்றே சொல்லமாட்டார்கள். ஆனால் அதுதான் மணலைப் பிடித்து வைத்தது. மாரி மழையை மணலுக்குள் இறக்கிக் கிணற்றைச் சவராகாமல் வைத்ததும் அதுதான். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்துகொண்டும் வெட்டினோம். புகையிலை நடுவதற்கு முன் பச்சைக் குழையை, இலையும் கொப்புமாக, மண்ணுக்குள் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த மண்ணில் ஒன்றும் வராது. வேலிக் குழை காணாதவர்கள் கத்தியோடு காட்டுக்குள் போனார்கள். அவர்கள் வெட்டியதை ஏற்ற என் வண்டில் போனது. மிச்சத்தை ஆடு மாடு மேய்ந்தன. காடு சொறி பிடித்த நாயைப் போல ஆனது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் எழும்பி வந்து கிணற்றுக் கட்டில் ஏறத் தொடங்கியது.

அப்போதுதான் நீர் எழுதத் தொடங்கினீர். மாதர் சங்கத்தில் எழுத்து வாசிப்புத் தெரிந்தவர் நீர் ஒருவர்தான். குசினி வாசலில் பலகையைப் போட்டு இருந்துகொண்டு, கறி அடுப்பில் கொதிக்க, நீர் மனு எழுதுவீர். காட்டைக் காக்க அரசாங்கம் காசு ஒதுக்க வேண்டும் என்பதுதான் எல்லா மனுவும். கவனிக்கப்படும் என்று பதில் வரும். நீர் திரும்பவும் எழுதுவீர். பக்கத்துத் தோட்டக் கந்தையா அண்ணை படலையில் நின்று என்னைப் பகிடி பண்ணுவார்.

"உம்மட மனிசியின்ர கடதாசிக்குக் கவுண்மேந்தே பயப்பிடுதாம். எனக்கும் ஒண்டு எழுதித் தரச் சொல்லுமன், என்ர மாமியை அவவின்ர ஊருக்குத் திருப்பி அனுப்ப."

"கந்தையா அண்ணை, அதுக்கு உங்கட மாமியெல்லோ மனுப் போடவேணும், உங்களிட்டையிருந்து தப்ப!" என்று உள்ளே இருந்து உமது குரல் வரும்.

கடைசியில் காசு வந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் நின்ற காலம் அது. எங்கள் ஊர்த் தோட்டங்கள் விடிந்தால் பொழுதுபட்டால் வேலையாக இருந்தன. அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு இளம் உத்தியோகத்தர் வந்தார். வியர்த்து ஒழுகிக்கொண்டு வந்தவருக்கு நீர் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தீர். நல்ல மனுசன் அவர். வாசிகசாலையில் கூட்டம் வைத்தார். முன்வரிசைக் கதிரையில் உம்மை இருத்தினார்.

"அம்மா, உங்கட மனுவாலதான் இந்தக் காசு வந்தது. இந்த மணல் முழுக்கச் சவுக்கு நடப் போறம்" என்றார்.

"எங்கை நடுறது ஐயா? பற்றை நிக்குதே" என்றீர் நீர்.

"பற்றையை வெட்டித் துப்புரவாக்கிப்போட்டுத்தான். வரிசைக்கு நட்டால்தான் எண்ணிக் காட்டலாம்."

"வெட்டவோ? ஐயா, வெட்டாமல் இருக்கத்தானே நாங்கள் கேட்டனாங்கள். சுத்திவர முள்ளுக்கம்பி அடிச்சுக் கொஞ்சக் காலம் விட்டால் அது தானா வந்திடாதோ?"

அவர் சிரிக்கவில்லை. "வரலாம் அம்மா. எனக்கும் வடிவாத் தெரியாது. ஆனா ஒண்டும் செய்யாமல் விடுறதுக்குக் காசு தர ஏலாது. நடுகிறதுக்கெண்டுதான் ஒதுக்கியிருக்கினம்."

"அப்ப வேண்டாமெண்டு எழுதட்டோ?"

"எழுதலாம். வேண்டாமெண்டு திருப்பின ஊருக்குப் பிறகு ஒரு சதமும் வராது."

கந்தையா அண்ணை பின்னால் இருந்து எழும்பினார். "பிள்ளை, வாற சீதேவியை உதைக்காதையும். ஐயா, வெட்டுற குழையை ஆர் எடுக்கிறது? அதைச் சொல்லுங்கோ முதல்."

யாரும் எடுக்கலாம் என்றார் உத்தியோகத்தர். வாசிகசாலை முழுக்க ஒரே சிரிப்பு, ஒரே இரைச்சல். நீர் ஒப்பமிட்டீர். வரும் வழியில், "சவுக்கு உசரமா வரும். காத்தை நல்லா மறிக்குமாம். ஐயா சொன்னவர்" என்று நீரே எனக்குச் சொன்னீர். உமது முகத்தில் மலர்ச்சி இருந்தது. இத்தனை வருசம் கேட்டது கிடைத்த மலர்ச்சி. அதை நான் மறக்கவில்லை.

அவ்வளவு குழை வண்டில்களை ஊர் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பாவட்டை பூவோடு வந்தது. வேரோடு பிடுங்கின ஈச்சும் வந்தது. எல்லாவற்றையும் தோட்டங்களில் புதைத்தோம். அந்த வருசப் புகையிலையைப் பார்க்கக் கண்பட்டுவிடும் போல இருந்தது. மிளகாய்க் கன்றுகள் காய் தாங்காமல் சாய்ந்தன. அந்தக் காசில்தான் மகளுக்குத் தோடு செய்தோம், வீட்டுக்கு ஓடு போட்டோம். இன்றைக்கும் நான் படுத்திருந்து பார்ப்பது அந்தக் காடு போட்ட ஓடுகளைத்தான்.

சவுக்கங் கன்றுகள் மாரிக்கு வரவில்லை. காசு இறங்கச் சுணங்கிவிட்டதாம். மழை முடிந்து மணல் காலைச் சுடுகிற பங்குனியில் லொறியில் வந்து இறங்கின. பெண்களுக்குக் கூலி கொடுத்து நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். நீரும் போனீர். கன்றுகள் முதல் வருசம் பச்சையாகத்தான் நின்றன. கந்தோர்ப் பெரியவர்கள் வந்து பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருசம் தண்ணீர் ஊற்றக் காசு இல்லை. நட்டு முடிந்தது, அதோடு அந்தக் காசும் முடிந்தது என்றார்கள்.

மற்றப் பெண்கள் நின்றுவிட்டார்கள். நீர் நிற்கவில்லை. வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போவீர். எனக்குக் கோபம் வந்தது.

"கவுண்மேந்துக்கு நீர் சம்பளமில்லாத கூலியோ? சமையலைப் பாரும்."

"நான் கேட்டனான். அவை தந்தவை. இனி நானெல்லோ பார்க்கவேணும்" என்றீர்.

ஒரு குடத்தால் ஒரு கடற்கரையை நனைக்க முடியுமா? பற்றை போன மணல் சோளகத்தோடு எழும்பி நடந்தது. கன்றுகளை இடுப்புவரை மூடியது, பிறகு கழுத்துவரை. கடைசியில் காய்ந்த நுனிகள் மட்டும் மணலுக்கு மேலே சீப்புப் பல் போல வரிசையாக நின்றன. எண்ணிக் காட்ட வசதியாகத்தான் நின்றன.

பிறகு ஒரு கோடையில் கிணறு சவரானது. அதை முதலில் அறிந்தவர் நீர் என்று நினைக்கிறேன். யாருக்கும் சொல்லவில்லை. சோற்றுக்கு உலைத்தண்ணியில் உப்புப் போடுவதை நிறுத்தினீர். எனக்கு அப்போது விளங்கவில்லை. கிணற்றடியில் ஒருத்தி உம்மிடம் நேரே சொன்னாளாம்: "அக்கா எழுதாமல் விட்டிருந்தால் பாதிக் காடாவது நிண்டிருக்கும்." அவளுக்குக் கோபமில்லை. வாய் தவறி வந்த கதை. அவள் வீட்டிலும் அந்தக் குழைதான் புகையிலையாகியது. ஆனால் நீர் அன்றிலிருந்து மற்றவர்கள் அள்ளிப் போன பிறகுதான் கிணற்றடிக்குப் போனீர். மனு எழுதுகிற பேனையைத் தொடவில்லை. மாதர் சங்கத்துக்கும் போகவில்லை. "சனம் என்னைப் பார்க்கேக்க தண்ணியைத்தான் பார்க்குதுகள்" என்று ஒருநாள் சொன்னீர். நான் அதட்டினேன். அதட்டுவதைத் தவிர எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை.

நீர் கடைசியாகப் படுத்திருந்தபோது தண்ணீர் கேட்டீர். பவுசர்த் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து வாயில் விட்டேன். "எங்கட கிணத்துத் தண்ணிதான். திரும்ப நல்லா வந்திட்டுது" என்றேன். நீர் அதை நாக்கில் வைத்திருந்து விழுங்கினீர். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னீர்: "இது எங்கட கிணறு இல்லை."

இதுவரை எழுத எனக்குப் பல நாள் போய்விட்டது. இனிச் சொல்வது புதுச் சங்கதி.

கிணற்றுக்கு மேற்கே ஒரு மூலை உமக்குத் தெரியும். அந்தத் துண்டு தன்னுடையது என்று ஒருவர் அரசாங்கத்தோடு வழக்குப் போட்டிருந்தார். காடு வெட்டிய காலத்தில் அதையும் வெட்டினோம். ஆனால் நடுவதற்கு முன் வழக்கு வந்துவிட, முடியும்வரை யாரும் தொடக்கூடாதென்று கம்பி அடித்து விட்டார்கள். நீர் போன பிறகு ஒரு மாரியில் அந்தப் பக்கம் போனேன். கம்பிக்குள் பாவட்டை. சூரை. ஈச்சங் குருத்து. யாரும் நடவில்லை, யாரும் ஊற்றவில்லை. மணல் அந்த மூலையை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கன நேரம் நின்றேன்.

இந்த வருசம் வழக்கு முடிந்தது. அரசாங்கம் வென்றது. காடுகளைத் திருத்த மறுபடியும் காசு வந்திருக்கிறதாம். நான் இதை எழுதத் தொடங்கிய பிறகு வேறொரு உத்தியோகத்தர் வந்து கூட்டம் வைத்தார். அந்த மூலையும் துப்புரவாக்கி நடுகிற நிலத்தில் சேர்ந்திருக்கிறது. உமக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று என்னை ஊர்ச் சங்கத்தில் போட்டிருந்தார்கள். நட்டுத் தரும்படி ஊர் கேட்கிற கடதாசியில் சங்கத்தார் எல்லோரும் ஒப்பம் வைக்க வேண்டும். நான் எழும்பிச் சொன்னேன்.

"தம்பி, அந்த மூலையை விடுங்கோ. கம்பி அடிச்சு விட்டதிலை தானா வந்திருக்கு. மற்ற மணலுக்கும் கம்பியை மட்டும் அடியுங்கோ, காணும்."

"வேலிக்கு இதில காசு இல்லை ஐயா. இது நடுகிறதுக்கு."

அவரும் நல்ல மனுசன்தான். குரலில் ஒரு குறையும் இல்லை.

மிளகாய் இப்போது கப்பலில் வருகிறது. எங்கள் தோட்டங்களில் பாதி சும்மா கிடக்கிறது. கூலிக்குப் போகவும் இடமில்லை. பெண்கள் சுவரோரம் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, முன்வீட்டுப் பிள்ளை, கிட்ட வந்து மெல்லச் சொன்னாள்: "அப்பு, எல்லாரும் ஒப்பம் வைச்சாச்சு. நீங்கள் வைக்காட்டில் வேலை துடங்காதாம். என்ர மனிசன் வெளிநாடு போய்க் காயிதமும் இல்லை, காசும் இல்லை. அடுப்பெரியவேணும் அப்பு."

பாவட்டை தானாக வரும் என்று அவளுக்குச் சொல்லவோ? அதற்குள் அவள் பிள்ளைகள் என்ன தின்பது?

பேனையை வாங்கினேன். என் பெயரை எழுதினேன். கடதாசியில் நான் வைத்த முதல் ஒப்பம் அது. மெல்ல மெல்ல எழுதினேன். எழுத்து வடிவாக வந்தது. அந்த இடத்திலும் அதைக் கண்டு எனக்கு ஒரு கணம் சந்தோசம் வந்தது, இஞ்சாரும். சங்கத்தார் கை தட்டினார்கள். கிழவன் எழுதப் பழகிவிட்டான் என்று தட்டினார்கள்.

நாளை வெட்டத் தொடங்குகிறார்கள். கன்றுகள் எப்போது வருமென்று தெரியாது என்றார் உத்தியோகத்தர்.

கேட்டவள் நான் என்று நீர் இத்தனை வருசம் தனியே சுமந்தீர். அது உமது பிழை இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அப்படி எழுத எனக்கு வாய் இல்லை. எழுதினாலும் நீர் நம்பப்போவதில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். நாளைக்கு ஊர் இந்தக் காடு எங்கே என்று கேட்டால், உம்மை மட்டும் பார்க்க முடியாது. நானும் கேட்டவன். என் கையால் எழுதிக் கேட்டவன்.