எழுதிக் கிழிப்போர் சங்கத்துக்கு ஒரு வாசல்காரன்

மே 4, திங்கள்

மருந்துக்கடை அக்கா காலையிலேயே போன் செய்தார். எடுத்த எடுப்பில், "தம்பி, இந்த வருஷம் வாசல்ல நீதான் நிக்கணும்" என்றார். நான் அப்போது ஒரு வீட்டுக் குளியலறையில், ரிப்பேருக்காக வாஷிங் மெஷினுக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தேன். அந்த நிலையில் இருக்கிறவனிடம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வான். சொல்லிவிட்டேன்.

பின்னாளில் நானே படித்துவிட்டு முழிக்கக் கூடாது என்பதற்காக விவரமாக எழுதி வைக்கிறேன். அக்கா நடத்தும் இணையக் குழுவின் பெயர் 'எழுதிக் கிழிப்போர் சங்கம்'. வருஷா வருஷம் ஜூன் முழுக்க ஆளுக்கொரு நாவல் எழுத வேண்டும். பரிசு கிடையாது. முடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பேனா படம் வரும். அந்தப் பேனாவுக்காகக் கண் பூத்துப் போய் எழுதுகிற கூட்டம் நாங்கள்.

போன வருஷம் எவனோ ஒருவன் ஏ.ஐ. மெஷினை விட்டு நாவல் எழுதச் சொல்லி, அப்படியே ஒட்டிவிட்டான். நாங்களும் ஆகா ஓகோ என்றோம். குட்டு வெளிப்பட்டதும் உண்மையாக எழுதிய பாதிப் பேர் மனசு விட்டுப் போய்விட்டார்கள். "இந்தத் தடவையும் ஒண்ணு நுழைஞ்சிடுச்சுன்னா சங்கத்தையே இழுத்து மூடிடுவேன்" என்கிறார் அக்கா. அதனால் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் பக்கத்தை அனுப்ப வேண்டும். அதைப் படித்து உள்ளே விடுவதோ விரட்டுவதோ என் பாடு.

மூடக் கூடாது. பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்ட என்னை 'எழுத்தாளரே' என்று கூப்பிடுகிற ஒரே இடம் அதுதான்.

வீட்டில் சொன்னேன். மனைவி, "வீட்டு வாசக்கதவையே பூட்ட மறந்துடற ஆளுக்கு வாசல் உத்தியோகமா?" என்றாள். மகள் சிரித்தாள். சிரித்து ரொம்ப நாளாச்சு.

மே 7

பக்கங்கள் வரத் தொடங்கிவிட்டன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான். எதைப் பார்த்தாலும் மெஷின் வேலையாகவே தெரிகிறது. சுமாராக எழுதியிருந்தால் மெஷினுக்குத் தூக்கம் வந்துவிட்டதோ என்று நினைக்கிறேன். நன்றாக எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே கேள்வி: உங்கள் கதை நடக்கும் இடத்தில் என்ன வாசனை? மெஷினுக்கு மூக்கு ஏது?

அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். "போலீஸ் நாயா போயிருக்க வேண்டியவன் தம்பி நீ" என்றார்.

மே 10, ஞாயிறு

வாசல் வேலையில் சந்தேகப்பட்டுப் பழகிய கண்ணுக்கு வீட்டிலும் ஓய்வில்லை. மகளிடம் ஏதோ சரியில்லை.

முன்பெல்லாம் ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே மேனேஜரைத் திட்டத் தொடங்குவாள். அவருக்கு 'மூஞ்சூறு' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். இப்போது மூஞ்சூறு பற்றி மூச்சே இல்லை. திட்டாமல் பார்க்கிற வேலை என்று உலகத்தில் ஒன்று உண்டா? நானே முதலாளி, நானே தொழிலாளி. நான்கூட தினமும் என் முதலாளியைத் திட்டுகிறேன்.

இன்று கேட்டுப் பார்த்தேன். "மூஞ்சூறு எப்படிம்மா இருக்காரு?"

"நல்லா இருக்காரு."

நல்லா இருக்காராம்! இது காதல்தான். மேனேஜரைத் திட்டக்கூட மறக்கடித்துவிட்டான் ஒரு பயல்.

மனைவியிடம் சொன்னேன். "ஆமாமா, துப்பறிஞ்சு கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் கூட்டு.

மே 13, புதன்

மகள் பின்னாலேயே போனேன். அதாவது, போகப் பார்த்தேன். அவள் பஸ்ஸில், நான் ஸ்கூட்டரில். ஆபீஸ் நிறுத்தம் வந்தது. அவள் இறங்கவில்லை! வண்டியை முறுக்கினேன். பின்னால் கட்டியிருந்த தண்ணீர்க் குழாய் அவிழ்ந்து, சாலை முழுக்கப் பாம்பு மாதிரி இழுபட்டு, சிக்னலில் ஒருத்தர் சைக்கிளில் சுற்றிக்கொண்டது. நான் குழாயைச் சுருட்டி முடிப்பதற்குள் பஸ் போயே போய்விட்டது. "ஏன்யா, தீயணைக்கவா போறே?" என்றார் சைக்கிள்காரர்.

பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதையென்று தாண்டவும் முடியவில்லை. எங்கே இறங்குகிறாள்?

மே 16

இன்று மாட்டியது ஒன்று. புனைபெயர் 'ஜன்னலோரம்'.

கதை இதுதான். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரின் மகளுக்கு வேலை போய்விடுகிறது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். பஸ் போகிற கடைசி இடம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்புகிறாள். மறுபடி ஏறுகிறாள். டிரைவருக்கே தெரிந்துவிட்டது, அப்பாவுக்குத் தெரியவில்லை. கடைசி வரி: 'கடிகாரத்தைக் காதில் வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடுவார் அப்பா. என்னையும் ஒருநாள் காதில் வைத்துப் பார்ப்பார் என்று காத்திருக்கிறேன்.'

படித்து முடித்ததும் இன்னொரு தடவை படித்தேன். அதுதான் சந்தேகம். முதல் பக்கத்தையே இரண்டு தடவை படிக்க வைக்க மெஷினால்தான் முடியும். நாங்களெல்லாம் மூன்றாம் அத்தியாயத்தில்தான் ஒழுங்காக ஒரு வாக்கியமே எழுதுவோம்.

என் கேள்வியை அனுப்பினேன். உடனே பதில்: 'டீசலும் வியர்வையும். மழை நாளில் ஈரத்துணி வாசனை, அப்பா சட்டையில் வருமே, அது.'

மாட்டிக்கிட்டியா! கடிகாரக்காரர் சட்டையில் எங்கிருந்து வரும் ஈரத்துணி வாசனை? கடிகாரத்தைத் துவைத்தா காயப் போடுகிறார்?

மே 17, ஞாயிறு

மதியம் சாப்பிடும்போது என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதையைச் சொன்னேன். ஈரத்துணியில் கையும் களவுமாகப் பிடித்ததையும் சொன்னேன்.

"அது கிடக்கட்டும். மாசக்கணக்கா மக வேலைக்கே போகலையாம், கூடவே இருக்கிற அப்பனுக்குத் தெரியலையாம். அப்படியொரு மண்ணாங்கட்டி அப்பன் உலகத்துல இருப்பானா?" என்றும் கேட்டேன்.

மனைவி தலையைத் தூக்கவே இல்லை. மகள்தான், "இருக்க மாட்டாராப்பா?" என்றாள்.

"எழுதறதுக்கும் ஒரு நியாயம் வேணாமா?"

"சரி" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. அந்தப் பயல் நினைப்பு போல.

பிறகு உட்கார்ந்து 'ஜன்னலோர'த்துக்குப் பதில் எழுதினேன்: 'அப்பா பாத்திரம் நம்பும்படியாக இல்லை. மன்னிக்கவும், இடமில்லை. – வாசல்.'

மே 19

ஜன்னலோரத்திடமிருந்து சண்டை வரும் என்று பார்த்தேன். ஒரு வரியும் இல்லை. மெஷினுக்கு ஏது ரோஷம்?

மே 22, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு வீட்டில் மெஷின் சுற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். என் மகள் வயசுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். நான் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அங்கிள், நீங்க அவளோட அப்பாதானே? அவ போன்ல உங்க போட்டோ பார்த்திருக்கேன்" என்றாள். மகளோடு ஒரே ஆபீஸாம். "அவளுக்கு வேற வேலை கிடைச்சிடுச்சா அங்கிள்? எங்க பிரிவையே மொத்தமா மூடிட்டாங்கல்ல, அதுக்கப்புறம் போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கறா."

"பாத்துட்டிருக்காம்மா" என்றேன். எப்படித்தான் அந்தப் பொய் வந்ததோ. எல்லாம் எனக்கு முன்னமே தெரிந்த மாதிரி.

மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். முகத்தை எங்கே வைப்பது? வியர்வையைச் சட்டைக் கையில் துடைத்தேன். ஈரத்துணி வாசனை. என் சட்டையில். இத்தனை வருஷமாக எல்லார் வீட்டு ஈரத்துணியும் என் சட்டையில்தானே காய்கிறது—

கடிகாரக்காரராம். என்னைத்தான் கடிகாரக்காரர் ஆக்கியிருக்கிறாள், நான் கண்டுகொள்ளக் கூடாதென்று. இல்லை, கண்டுகொள்ள வேண்டுமென்றா? வாசலில் நிற்பது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதானே அனுப்பினாள்?

நான் என்ன பண்ணேன்? சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால உக்காந்து, அவ மூஞ்சிக்கு நேரா… ஐயோ.

பெல்ட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டு, திரும்ப மாடி ஏறிப் போய் மாற்றிவிட்டு வந்தேன்.

மே 23

மனைவியிடம் கேட்டேன்.

"எனக்குப் போன மாசமே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"உங்ககிட்ட அவளே சொல்லிக்கறேன்னா. நேர்ல சொன்னா நீங்க சிரிச்சு மழுப்பிடுவீங்களாம். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன்னா."

"சொல்லலையே!"

"சொன்னா. நீங்கதான் இடமில்லைன்னுட்டீங்க."

இந்த வீட்டில் எனக்கு எதிரே யாரும் குரலை உயர்த்துவதே இல்லை. தேவையும் இல்லை.

மே 24

மகளிடம் பேச மூன்று தடவை அறை வாசல்வரை போனேன். முதல் தடவை, "மின்விசிறி சத்தம் போடுதா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் தடவையும் மின்விசிறிதான். மூன்றாம் தடவை அவளே, "அது நல்லாத்தாம்ப்பா சுத்துது" என்றாள்.

சிரித்து மழுப்பத்தான் எனக்குத் தெரியும். அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மே 25

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஜன்னலோரத்தைத் திரும்ப உள்ள எடுத்துக்கணும் அக்கா."

"தள்ளினது தள்ளினதுதான். தள்ளினவனே நீதானே? காசு கீசு வாங்கிட்டியா?"

"இது மனுஷி எழுதினதுதான்."

"எப்படித் தெரியும்?"

"கதையில வர்ற அப்பா நான்தான்."

அந்தப் பக்கம் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். "கொஞ்சம் இருங்க, இங்க ஒருத்தருக்கு இருமலைவிடப் பெரிய வியாதி" என்று அவர்களிடம் சொன்னார். அப்புறம் என்னிடம், "சொந்தப் பொண்ணுக்குச் சிபாரிசு பண்றவன் வாசல்ல நிக்கக் கூடாது தம்பி. நாளைக்கு ஆளாளுக்கு அத்தை பொண்ணு, மாமன் பையன்னு வருவாங்க. சங்கம் தாங்காது."

"சரிக்கா. நான் விலகிக்கறேன்."

"அந்தப் பக்கத்தை நானே படிக்கறேன். எனக்குச் சரின்னு பட்டாத்தான். உன் மூஞ்சிக்காக இல்ல."

மே 26

வாசலை ஒப்படைப்பதற்கு முன் கடைசியாக ஒரு பதில் அனுப்பினேன். கிழித்தது போக மிச்சம் இதுதான்: 'அந்த அப்பா இருக்கிறார். விசாரித்துவிட்டேன். அவருக்குக் கடிகாரச் சத்தம் கேட்கும், வேறெதற்கும் காது கொஞ்சம் மந்தம். உங்களைச் சேர்ப்பது இனி என் கையில் இல்லை. எழுதியதை முழுக்க நம்புகிறேன் என்று சொல்லத்தான் இது.'

மே 27, புதன்

காலையில் வழக்கம்போல் பையோடு கிளம்பினாள். சரி, படிக்கவில்லை. அல்லது படித்துவிட்டுத்தான் போகிறாளா? அதுவா, இதுவா என்று நாளெல்லாம் குடைச்சல். ஒரு வீட்டில் கெட்டுப்போன மெஷினுக்குப் பதில் ஒழுங்காக ஓடுகிற மெஷினைப் பிரித்துவிட்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டாள். நான் கருவிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிரே தரையில் உட்கார்ந்தாள். வேலையைப் பற்றிச் சொல்லப்போகிறாள், ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன்.

"பக்கம் எப்படிப்பா இருந்துச்சு?"

அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்துவிட்டது.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. அதனாலதான் சந்தேகப்பட்டேன்."

சிரித்தாள். பிறகு அழுதாள். எனக்கு மழுப்பத் தோன்றவில்லை. கையிலிருந்த துணியைக் கொடுத்தேன். கிரீஸ் துணி. முகமெல்லாம் கறுப்பு. மனைவி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் முதல்ல மூஞ்சியைக் கழுவுங்க" என்றாள். அப்போதுதான் எனக்கும் முகம் நனைந்திருப்பது தெரிந்தது.

மே 30

அக்காவிடமிருந்து செய்தி: 'ஜன்னலோரம் உள்ளே. அந்த அப்பன்காரனை இன்னும் கொஞ்சம் திட்டி எழுதச் சொல்லு.' புது வாசல்காரர் ஒரு பல் டாக்டராம். வாசனைக் கேள்வியைத் தொடரப்போகிறாராம். நல்ல மூக்காக இருந்தால் சரி.

ஜூன் 1, திங்கள்

சங்கம் மூடவில்லை, திறந்துவிட்டது. விடிந்ததிலிருந்து ஆளாளுக்கு 'தொடங்கிவிட்டேன்' என்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. தலைப்பை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மகள் இன்று எங்கேயும் கிளம்பவில்லை. சாப்பாட்டு மேஜையிலேயே கணினியை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கிறாள். பத்து மணிவரை எழுத்தாம், அதன் பிறகு வேலைக்கு விண்ணப்பமாம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படும் நேரத்தில் கூப்பிட்டாள்.

"அப்பா, வாஷிங் மெஷின்ல பேரிங் போகப்போகுதுன்னா முதல்ல என்ன சத்தம் வரும்?"

எதற்குக் கேட்கிறாள், கதைக்கா? வாய்வரை வந்த கேள்வியை விழுங்கினேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினேன்.

"இன்னொரு தடவை, மெதுவா" என்றாள்.