ஆடி முடியட்டும் என்றாய்

என் பிடிவாதக்கார அண்ணே,

மறுபடியும் ஆடி வந்துவிட்டது. சிராங்கூன் சாலையில் விடிந்ததும் அம்மன் பாட்டு கேட்கிறது. உன் பாத்திரக்கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் நான் எதிர்ப்புற நடைபாதையில்தான் நடக்கிறேன்.

போன ஆடியில் வழக்கறிஞர் ஜெயா எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். ஒன்று உன் உயில். இன்னொன்று, உன் தனிப்பெயரில் இருந்த கடையைப் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக மாற்றும் தாள்கள். உன் கையெழுத்துதான் பாக்கி. "ஆடி முடியட்டும்லா, மலரு. ஆவணில நல்ல நாளாப் பாத்துப் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு நீ டீ குடிக்கப் போய்விட்டாய்.

ஆடியில் பாத்திரம் வாங்க வந்த யாரையாவது ஆவணியில் வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறாயா? வியாபாரத்துக்கு இல்லாத ஆடி கையெழுத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? எனக்குக் கோபம் வருகிறது, அண்ணே. கோபம் அடங்கினால் அழுகை வருகிறது. ஆவணி பிறப்பதற்குள் மூளையில் ரத்தம் கசிந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாய்.

"நானும் கடையும் ஒண்ணுதான்" என்று எல்லாரிடமும் பெருமை அடிப்பாயே, சட்டமும் அதையேதான் சொன்னது. தனியாள் பெயரில் நடக்கும் வணிகத்துக்கு அந்த ஆளை விட்டால் வேறு உயிர் கிடையாதாம். நீ கண்ணை மூடியபோதே கடையும் முடிந்துவிட்டது என்று ஜெயா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

புக்கிட் மேராவில் நீங்கள் குடியிருந்த வீடு உன் பெயரிலும் அண்ணி பெயரிலும் கூட்டாக இருந்ததால் தானாகவே அண்ணிக்கு வந்துவிட்டது. கடை அப்படி வரவில்லை. வங்கிக் கணக்கை முடக்கினார்கள். உயில் இல்லாததால், நீ விட்டுப்போனதை நிர்வகிக்க அண்ணி நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அது கைக்கு வர மாதங்கள் ஆயின. கடையிருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் நல்ல மனிதர், முடிந்தவரை பொறுத்தார். வாடகை ஒப்பந்தமும் உன் பெயரில்தானே இருந்தது? கடைசியில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். ஜோகூரிலிருந்து தினமும் எல்லைப் பாலம் தாண்டி நம் கடைக்கு வேலைக்கு வந்த முத்துவுக்கு நீ வாங்கிக் கொடுத்த வேலை அனுமதியும் உன்னோடு போயிற்று. இப்போது யாரிடம் வேலை பார்க்கிறாரோ தெரியவில்லை.

அப்புறம் நான். நீ விட்டுப்போனதில் பாதி அண்ணிக்கு, பாதி உன் மகன் அருணுக்கு. மனைவியும் பிள்ளையும் இருக்கும்போது தங்கைக்குப் பங்கில்லை. அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் படிப்பு முடிந்த கையோடு உன் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டத் தொடங்கியவள் நான். எத்தனையோ கல்யாணக் குடங்களில் நான் வெட்டிய பெயர்கள் இருக்கின்றன. உன் கடையின் தாள் எதிலும் என் பெயர் இல்லை. உனக்கு அது தோன்றவே இல்லையா, அண்ணே? அல்லது நீ கையெழுத்துப் போடாத அந்த உயிலில் இருந்ததா? ஜெயாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ கேட்டால் ஆச்சரியப்படுவாய், செத்தவர்களுக்கும் வருமான வரி உண்டு. அப்பா பயந்துகொண்டே இருந்தாரே, சொத்தை விட்டுப் போனால் கட்டும் மரண வரி, அது ஒழிந்து ரொம்ப காலமாகிவிட்டதாம். ஆனால் உன் கடைசிச் சம்பாத்தியத்துக்கு அண்ணி கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. உன் பெயரோடு 'காலமானவர்' என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது அந்த வரித் தாளில்தான்.

அண்ணி நினைத்திருந்தால் மிச்சப் பாத்திரங்களை விற்றுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். வெளிநாட்டிலிருந்து அருணும் முதலில் அதைத்தான் சொன்னான். அண்ணிதான் அவனைச் சம்மதிக்க வைத்தார். "இத விட்டா உனக்கு வேற என்ன தெரியும், மலரு? நடத்து. நானும் கூட நிக்கிறேன்" என்றார். இப்போது ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் சின்ன இடம். உன் பெயரிலேயே நிறுவனமாகப் பதிவு செய்திருக்கிறோம். சாங்கி விமான நிலையத்தில் வேலை முடிந்து அண்ணி நேராக அங்கே வந்துவிடுகிறார். "நிறுவனத்துக்குச் சாவு கெடையாதுக்கா, பங்குதான் கை மாறும்" என்றார் ஜெயா. சாகாத கடையில் நீ இல்லையே.

உன் திதிக்குக் கோவிலுக்குக் கொடுக்க அண்ணி ஒரு பெரிய அண்டா எடுத்து வைத்திருக்கிறார். அதில் உன் பெயரை நான்தான் வெட்ட வேண்டும். தினமும் துடைத்து வைக்கிறேன்.

இன்று என் உயில் விஷயமாக ஜெயாவின் அலுவலகத்துக்குப் போனோம். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றதும் அண்ணி பேனாவை எடுத்துவிட்டார். "நான் போடறேன்லா."

"நீங்க போடக் கூடாதுக்கா. உயில்ல பங்கு உள்ளவங்க சாட்சி போட்டா, அந்தப் பங்கு செல்லாமப் போயிடும்" என்றார் ஜெயா.

அண்ணி பேனாவோடு என் பக்கம் திரும்பினார். "எனக்கா எழுதியிருக்க?"

"எனக்கு வேற யாரு அண்ணி இருக்கா?"

பேனாவை மேசையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வரைவில் இருந்த எழுத்துப்பிழைகளைத் திருத்திய பிரதி நாளைக் காலை தயாராகிவிடும், சாட்சிக்குத் தன் அலுவலக ஆட்கள் இருவர் இருப்பார்கள் என்று ஜெயா சொன்னார். "நாளைக்கு ஆடி வெள்ளியாச்சே, மலரு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தார் அண்ணி. பாதியில் நிறுத்திவிட்டார். மூன்று பேரும் உன்னைத்தான் நினைத்தோம்.

பிறகு அண்ணியே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "வேணாம். நாளைக்கே போட்டுடு."

போட்டுவிடுவேன், அண்ணே. நாளைக் காலை கோவிலுக்குப் போவதற்கு முன்னால் ஜெயாவின் அலுவலகத்துக்குத்தான் போவேன். உன்மேல் சத்தியம்.

உன் பெயருக்குக் கீழே 'நினைவாக' என்று வெட்ட இன்னும் கை வராத
உன் தங்கை,
மலர்