நம்ம வீட்டுப் பொண்ணு

ஜூன் 6

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடம்கூட வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அப்பா அடுத்த அறையில் தூங்குகிறார். விடியற்காலை முதல் பஸ் அவர் ஓட்ட வேண்டும், அதனால் சீக்கிரம் படுத்துவிட்டார். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

நாங்கள் நலம். நீங்கள் நலமா? அங்கே குளிர் விட்டதா?

சின்னம்மா, விடுமுறையில் அப்பா பகல் டூட்டிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தீர்களே, அன்றைக்கு மொட்டைமாடியில் என்னை ஒரு போட்டோ எடுத்தீர்கள். நீங்கள் கொண்டுவந்த சிவப்பு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பந்தை அடித்துவிட்டு, முடியெல்லாம் கலைந்து, வாயைப் பிளந்து கத்தினேனே, அந்தப் போட்டோ. "ஆபீஸ்ல என் மேஜை மேல வெச்சுக்கத்தான்டி" என்றீர்கள்.

இன்று வகுப்பில் வாத்து தன் அண்ணனின் போனை ஒளித்துக் கொண்டுவந்தாள். (வாத்து என் பக்கத்தில் உட்காருகிறவள். நடை அப்படி, அதனால் அந்தப் பெயர்.) "ஏய், உன் மூஞ்சி எங்க எங்க போயிருக்கு பாருடி" என்று காட்டினாள். உங்கள் கால்பந்து கிளப்பின் பக்கம். அதில் நான். கீழே நம் மொழியில் பெரிதாக 'நம்ம வீட்டுப் பொண்ணு' என்று போட்டிருக்கிறது. லட்சம் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள்.

அப்பாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா இறந்தபோது நீங்கள் வரவில்லை என்ற கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் வீட்டுக்கு வந்ததே அவருக்குத் தெரியாது. என்னைப் பற்றி ஒரு பேச்சு காதில் விழுந்தாலும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். அத்தை ஊரில் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. நான் இப்போது பத்தாவது.

தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். போன் செய்யாதீர்கள், வீட்டில் இருப்பது அப்பாவின் போன் மட்டும்தான். பதிலை எப்போதும்போல டெய்லர் அக்கா கடை முகவரிக்கே எழுதுங்கள்.

உங்கள்
பாப்பா


ஜூன் 21

என் தங்கக் கண்ணுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிழிக்க மனசு வரவில்லை, ஆனாலும் சொன்னபடி கிழித்துவிட்டேன். இப்படியா பயப்படுவது? படித்துக்கொண்டே சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. வெளிநாட்டு ரசிகர் பிரிவு என்று பெயர். மைதானம் முழுக்க ஆள் வந்தாலும் டிக்கெட்டில் வருகிற பணம் ஒரு நல்ல ஆட்டக்காரனின் சம்பளத்துக்குக் காணாது. அதனால் இந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்க்கப்போகாத ஜனங்களை ரசிகர்களாக்க வேண்டும். ஆள் சேர்ந்தால் சட்டை விற்கும். சட்டை விற்றால் டயர் கம்பெனியும் குளிர்பானக் கம்பெனியும் பணப்பையோடு வந்து நிற்கும். இதுதான் என் பிழைப்பு.

இரண்டு வருடம் தலைகீழாக நின்று பார்த்தேன். கோல்கீப்பருக்கு 'வணக்கம்' சொல்லித் தர மூன்று நாள் ஆனது. கடைசியில் கேமரா முன்னால் 'வாங்கணும்' என்றான்! ஒரு விதத்தில் அதுவும் சரிதான் என்று மேனேஜருக்கு விளக்கினேன். விளம்பரத்தில் 'எங்கள் குடும்பத்துக்கு வாருங்கள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். 'எங்கள்' என்றால் நீ வாசலுக்கு வெளியே நிற்கிறாய், 'நம்ம' என்றால்தான் நீயும் உள்ளே என்று புரியவைக்க ஒரு கூட்டமே போட வேண்டியிருந்தது.

அப்போதுதான் மேனேஜர் என் மேஜையில் உன் போட்டோவைப் பார்த்தார். யார் என்றார். என் பொண்ணு என்றேன். அக்கா பெண்ணை நாம் வேறென்ன சொல்லுவோம்? அவர்கள் பேச்சில் அதற்கென்று தனி வார்த்தை உண்டு, அது என் வாயில் வரவில்லை. தாயின் சம்மதம் வேண்டுமே என்றார். நான்தான் இருக்கிறேனே என்றேன். சின்னம்மாவும் அம்மாதானே, கண்ணு?

போனில் மட்டும்தான் வருகிறது. உன் அப்பா பஸ் கண்ணாடியைத் தவிர வேறெதையும் பார்க்கிறவரா? நிம்மதியாகப் படி. அங்கே புதிதாகச் சேருகிறவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து ஆபீசில் எனக்குக் கை கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் முதல் தடவை.

ஆயிரம் முத்தங்களுடன்
உன் சின்னம்மா


ஜூலை 11

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

போனில் மட்டும்தான் என்று எழுதியிருந்தீர்கள். திங்கட்கிழமையிலிருந்து பஸ்ஸில் வருகிறது.

பஸ்ஸின் முதுகு முழுக்க நான்தான். ஒரு பக்கம் டயர் படம், ஒரு பக்கம் உங்கள் கிளப்பின் முத்திரை, நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நான். பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து ஸ்டாப்பில் யாரோ எனக்குப் பேனாவால் மீசை வைத்துவிட்டார்கள். "மீசை உனக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்றாள் வாத்து, என்னைச் சிரிக்கவைக்க. எனக்கு அழுகைதான் வந்தது. சைக்கிள் கடைப் பையன்கள் நான் வருவதைப் பார்த்தாலே, "டேய் தள்ளுங்கடா, நம்ம வீட்டுப் பொண்ணு வருது!" என்கிறார்கள். ஒருவன், "நம்ம வீட்டுக்கு எப்பம்மா வரப்போற?" என்கிறான். நான் இப்போது சந்து வழியாகச் சுற்றிப் போகிறேன்.

அப்பா ஓட்டுகிற பஸ்ஸிலும் ஒட்டியிருக்கிறார்கள், சின்னம்மா. அவர் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறார், நான் பின்னால் ஊரையே பார்த்துக் கத்திக்கொண்டு போகிறேன். அவருக்கு இன்னும் தெரியாது. கண்டக்டர் மாமா பார்த்துவிட்டார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, நான் எதையும் பாக்கல, சரியா? டீசல் திருடுறானுங்க, வண்டியோட பின்பக்கத்தைச் செவுத்தோட ஒட்டி நிறுத்துன்னு உங்கப்பன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவனும் நம்பிட்டு ரிவர்ஸ் எடுத்து எடுத்து ஒட்டுறான். எத்தனை நாளைக்கு ஒட்டுவான்?" என்றார்.

எனக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஒரு வரி எழுதி அனுப்புங்கள். 'அவளுக்கு இது தெரியாது, கேட்காமல் கொடுத்தது நான்தான்' என்று. கீழே உங்கள் கையெழுத்து. அது கையில் இருந்தால் நானே அப்பாவிடம் சொல்லிவிடுவேன். கடிதத்தைப் பார்த்தால் நம்புவார். என்னை அனுப்பமாட்டார்.

கெஞ்சிக் கேட்கும்
பாப்பா


ஜூலை 28

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. பஸ்ஸில் ஒட்டப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீ நம்புவாயா தெரியவில்லை. தெரியும். எந்த ஊரில், எத்தனை பஸ் என்பதுதான் தெரியாது.

மேனேஜர் அறை வாசல்வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். நீ கேட்கிற அந்த ஒரு வரி உனக்குச் சின்னது. இங்கே அதற்கு அர்த்தம், சம்மதம் இல்லாமல் ஒரு பள்ளிச் சிறுமியின் படத்தைப் போட்டார்கள் என்பது. டயர் கம்பெனி மறுநாளே விலகும். வக்கீல்கள் வருவார்கள். முதலில் போவது என் தலை. என்னுடையது வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை, கண்ணு. சித்தப்பாவுக்கு வேலை போய் ஒன்பது மாதம் ஆகிறது. இதை நான் யாருக்கும் எழுதவில்லை, நீயும் யாரிடமும் சொல்லாதே.

இந்த வருடம் உங்கள் பக்கம் மட்டும் சட்டை நாலு மடங்கு விற்றிருக்கிறது. கடைக்காரர்கள் 'பாப்பா சட்டை இருக்கா' என்று கேட்டு வாங்குகிறார்களாம், உன் செல்லப் பெயர் தெரியாமலே! சீசன் முடியட்டும், எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு. உன் அப்பாவை எனக்கு உனக்கு முன்னாலிருந்தே தெரியும். கத்துவார், ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அப்புறம் சரியாகிவிடுவார்.

நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதே. எல்லோரும் சம்பாதிக்கிறார்களே, அந்தப் பெண்ணுக்கு என்ன என்று கூட்டத்தில் சண்டை பிடித்தேன். கிளப்பிலிருந்து நேரே உன் பெயருக்கு, உன் வீட்டுக்கே ஒன்று வரும். என்னவென்று இப்போது சொல்லமாட்டேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
சின்னம்மா


ஆகஸ்ட் 13

சின்னம்மா,

அந்தக் கவர் வந்து இரண்டு நாள் கழித்துத்தான் உங்கள் கடிதம் வந்தது. என்னவென்று சொல்லமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். சொல்லியிருக்கலாம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். போன வாரம் பெரிய சாலை சிக்னலில் அப்பா பஸ்ஸுக்கு முன்னால் இன்னொரு பஸ் வந்து நின்றிருக்கிறது. அதன் முதுகில் நான். கண்டக்டர் மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சிவப்பு விழுந்ததுலேர்ந்து உங்கப்பன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உன் மூஞ்சியையே பாக்குறான் பாப்பா. நான் விசில் அடிக்கிறேன், காதுல விழல. பச்சை விழுந்து அந்த பஸ்ஸு போயிடுச்சு. இவன் எடுக்கல. பின்னால அத்தனை வண்டியும் ஹாரன். 'யோவ், வீட்ல போய்த் தூங்குய்யா'ன்னு ஒருத்தன் கத்துறான். அப்பவும் அசையல."

டிப்போவுக்குப் போனதும் தன் பஸ்ஸின் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு தகரத் துண்டை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். மூன்று பேர் இழுத்தும் விடவில்லையாம். பணம் கட்டி ஒட்டிய விளம்பரத்தைக் கிழித்ததற்காக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளை வெள்ளிக்கிழமை விசாரணை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் துணி சுற்றியிருந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். "எப்ப எடுத்தது?" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் வந்தது, ஜெர்சி, டெய்லர் அக்கா கடை, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "அவ வந்தப்ப உங்கம்மா போட்டோவைப் பாத்தாளா?" என்று கேட்டார்.

"பாத்தாங்கப்பா."

"அழுதாளா?"

"அழுதாங்கப்பா."

"சரி. இது ஊரெல்லாம் ஒட்டுவாங்கன்னு உனக்குத் தெரியாதுல்ல?"

"சத்தியமா தெரியாதுப்பா."

"தெரியாதுன்னா தெரியாது, விடு. ஆபீசர்கிட்ட அதையேதான் சொல்லப்போறேன். எம் பொண்ணைக் கேக்காம ஒட்டினீங்க, கிழிச்சேன். அவ்வளவுதான்."

நம்பிவிட்டார், சின்னம்மா. உங்கள் ஒரு வரி இல்லாமலே நம்பிவிட்டார். அன்று என் தட்டில் அவரே சாப்பாடு போட்டார். இத்தனை நாள் இந்த மனுஷருக்கா பயந்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் கவர் வந்தது. அப்பா வீட்டில் இருந்தார், அவர்தான் வாங்கிப் பிரித்தார். உள்ளே என் பெயருக்கு ஒரு காசோலை. கூடவே நம் மொழியில் ஒரு தாள். அது உங்கள் எழுத்துநடைதான், எனக்குத் தெரியும். 'எங்களுடன் பணியாற்றியதற்கு நன்றி. தாயாரின் ஒப்புதலுடன் பேசி முடித்த தொகை இத்துடன்.'

அப்பா அதைச் சத்தமாகப் படித்தார். 'தாயாரின் ஒப்புதலுடன்' என்ற இடத்தை இரண்டாம் தடவை படித்தார். பிறகு திரும்பி அம்மா படத்தைப் பார்த்தார். அவர் முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

"எத்தனை நாளா இந்த வேலை?" என்று கேட்டார்.

"வேலை இல்லப்பா, எனக்கு எதுவும் தெரியாதுப்பா."

"தெரியாமதான் பேசி முடிச்சாங்களா? செத்துப்போனவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டா?"

கத்துவார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கத்தவில்லை. அத்தைக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுகிறேன் என்றார். பள்ளிக்கூடத்துப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. விசாரணைக்கும் போகமாட்டாராம். "எந்த வாயை வெச்சுக்கிட்டு நான் போய் நிக்கிறது?" என்று கண்டக்டர் மாமாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அதனால் நான் போகிறேன். கண்டக்டர் மாமா கூட்டிப்போகிறேன் என்றார். இரண்டு தாள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று டிப்போ அதிகாரிக்கு. மற்றது உங்கள் கிளப்புக்கு, காசோலையையும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். டெய்லர் அக்கா காலையில் தபாலில் போடுகிறேன் என்றாள். இரண்டிலும் ஒரே விஷயம்தான். என் அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. சம்மதம் கொடுத்தவர் என் அம்மா இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

உங்கள் பெயரை எழுதவில்லை. எழுதத் தேவையில்லை, அவர்களுக்கே தெரியும்.

உங்கள் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவையும் நினைத்தேன். இரண்டாவது தாளை எழுதும்போது உங்கள் மேல் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அன்றைக்கு மாடியில் என் தலையைக் கோதிவிட்டு, "கலைஞ்சிருந்தாதான்டி அழகு, அப்படியே இரு" என்றீர்களே, அதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அப்போதே படம் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? இதை மட்டும் கேட்க நினைத்தேன். பதில் எழுத வேண்டாம். அத்தை வீட்டு முகவரி உங்களுக்குத் தெரியாது, நானும் தரப்போவதில்லை.

காலையில் இரண்டு தாளையும் முதலில் அப்பாவிடம் காட்டப்போகிறேன். அவர் படித்துவிட்டு நம்பினால் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். நம்பாவிட்டாலும்...

கதவைத் தட்டுகிறார். அப்பா ஒருநாளும் தட்டமாட்டார், தள்ளித்தான் திறப்பார். "பாப்பா, முழிச்சிருக்கியா?" என்கிறார். நான் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறக்க...