தூங்காத அப்பா

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. நான் நலம், நீயும் உன் சிகிச்சை மையமும் எப்படி? போனில் கூப்பிட்டால் பாதியிலேயே "சரிடா, ஆள் வந்தாச்சு, வை" என்பாய். கடிதம் என்றால் கடைசி வரி வரை படித்துத்தானே ஆக வேண்டும்.

இங்கே எனக்குக் கொடுத்திருக்கும் அறையில் ஜன்னல் திறக்காது. பகலெல்லாம் மாநாட்டுக் கூடத்தில், மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தூக்கத்தை விரட்டும் ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரைகளை நாடுகள் எப்படிக் கையாள வேண்டும் என்று ஒரு தீர்மானம் தயாராகிறது. எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட வரி சாதாரணமாக இருக்கும். ஒரு நாடு முரண்டு பிடித்தாலும் அந்த வரியை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார்கள். இப்போது ஒரே ஒரு வரிதான் அப்படித் தொங்குகிறது. வேலைப் பளு தாங்க முடியாமல் இவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குத் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை என்கிற வரி. அதை எடுத்துவிட வேண்டும் என்பது நம் அரசின் நிலை. பேசப்போவது நான்.

அப்பாவைப் பற்றிச் சொல்லலாம் என்றிருக்கிறேன். லாரி ஓட்டியே நம்மை வளர்த்தவர், ஒரு மாத்திரையைக்கூடத் தொடாதவர் என்று. நினைவிருக்கிறதா? நெடும்பயணம் முடித்து வந்தாலும் படுக்கமாட்டார். வீட்டையே புரட்டிப்போட்டுக் கழுவுவார். ரேடியோவைக் கழற்றித் துணியில் பரப்பி, ஒவ்வொரு திருகுக்கும் ஒரு கதை சொல்வார். சோறு வேண்டாம் என்பார்; கதை மட்டும் நிற்காது. படுக்கப் போவதற்குள் அடுத்த லோடு வந்துவிடும். "எங்கப்பா தூங்கவே மாட்டாரு" என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொள்வேன். அவர் கால் தூசுக்கு நான் வரமாட்டேன், அக்கா. அவர் எந்த வயதில் ஸ்டியரிங் பிடித்தார் என்று எழுது. பேச்சில் சேர்க்க வேண்டும்.

அன்புடன்,
வாலு


ஜனவரி 23

அன்புத் தம்பிக்கு,

ஊசியக்காவின் ஆசிகள். டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் இது. சொந்தப் பெயரே மறந்துவிடும்போல் இருக்கிறது.

நெடுஞ்சாலையில் லாரிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், பழைய டயர் கடையில்தான் இன்னும் மையம் ஓடுகிறது. எவ்வளவு கழுவினாலும் ரப்பர் வாடை போகவில்லை. வருகிறேன், வருகிறேன் என்றாய். வெளிநாட்டுக் கூடத்துக்கெல்லாம் போகிறவனுக்கு அக்கா இருக்கும் இடத்துக்கு வழி தெரியவில்லை. போகட்டும்.

போன வாரம் ஒரு டிரைவர் வந்தார். கூட்டாளிகள் அவரைக் "கொட்டாவி" என்று கூப்பிடுகிறார்கள், அதை மட்டும் விடவே மாட்டாராம் என்பதால். முழிப்பு மாத்திரைப் பழக்கம். படுக்கச் சொன்னால் என் மேசை விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். பல்லை நறநறவென்று கடித்தபடி ஓயாத பேச்சு. தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இங்கே தேறி வீட்டுக்குப் போவார். அடுத்த லோடு ஏறியதும் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிடும். ஆனாலும் திரும்பி வருகிறார், பார். புதுச் சட்டம் வரப்போகிறது என்று யாரோ சொன்னதும் என்னிடம் கேட்டார்: "பிடிச்சுக் குடுப்பீங்கன்னா நான் இங்க வரமாட்டேன்க்கா. ரோட்டுலயே கிடந்து போயிடறேன்."

முடிந்தால் அந்த வரியை விட்டுவைக்கச் சொல். உன் வேலை, உன் இஷ்டம். ஆனால் அப்பாவை மட்டும் அந்தக் கூடத்துக்கு இழுக்காதே. ஏன் என்று கேட்காதே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்காதே என்றால் எப்படி? அவர் எனக்கும் அப்பாதானே.

சொன்னால் கோபித்துக்கொள்வாய். உன் மையத்துக்கு அந்த வரி வேண்டும், அதற்காக என் வாயைக் கட்டுகிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொட்டாவி மேல் எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் அதே சாலையில், அதே பாரத்தோடு ஓட்டியவர்தானே அப்பா? அவருக்கு எதுவும் தேவைப்படவில்லையே. பல்லைக் கடிக்கிறார் என்கிறாய். அப்பாவும்தான் கடிப்பார். அதற்காக?

பேச்சை எழுதி முடித்துவிட்டேன். மேலதிகாரி படித்துவிட்டுக் கண் கலங்கினார். அவர் கலங்கி நான் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கு ஒரு மரியாதை செய்ய எனக்கு வேறு வாய்ப்பு வராது, அக்கா.

வாலு


பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

அப்பா சாப்பிட்டார்.

எப்படிச் சுற்றி வளைத்தாலும் இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. சரக்கு ஏற்றும் கிடங்கிலேயே டீயோடு சேர்த்துக் கொடுப்பார்களாம். "லோடு நேரத்துக்குப் போகணும்ல" என்று. நாம் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்தது.

அவர் இறந்த அன்று மருத்துவமனையில் அம்மாவோடு நான் இருந்தேன். டாக்டர் சொன்னார்: "ரொம்ப வருஷமா சாப்பிட்டிருக்காரும்மா. இதயம் தாங்கல." அம்மா அப்போதும் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவனுக்குத் தெரிய வேணாம். அவனுக்காவது அவன் அப்பா அப்படியே இருக்கட்டும்" என்றாள். அவள் கண் மூடுகிறவரை நான் வாயைத் திறக்கவில்லை. உன் பேச்சு மட்டும் இல்லையென்றால் இப்போதும் திறந்திருக்கமாட்டேன்.

உனக்குக் கொடுத்த அறிக்கைகளில் அறிகுறிகள் என்று ஒரு பக்கம் இருக்கும். அதைப் படி. பிறகு நீ எழுதிய முதல் கடிதத்தை நினைத்துப் பார்.

உன்னிடமிருந்து அவரைப் பறிக்கிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆனால் கொட்டாவி வீட்டிலும் ஒரு வாலு இருக்கிறான்.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று உனக்கு ஒரு பதில் எழுதினேன். நல்லவேளை, அனுப்பவில்லை. பொய் சொல்கிறாய் என்று எழுதியிருந்தேன். பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். தூக்கமின்மை, பசியின்மை, ஓயாத பேச்சு, பொருட்களைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தல், பல் கடித்தல். எத்தனையோ முறை படித்த பக்கம்தான். நம் வீட்டு வாசலை அதில் நான் பார்த்ததே இல்லை.

நேற்று அந்த வரி வந்தது. அதை எதிர்த்து நின்றது கடைசியில் நம் நாடு மட்டும்தான். அடைப்புக்குறியை எடுத்துவிடலாமா, ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டார். இங்கே பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். பேச்சு என் முன்னால் இருந்தது. மேலதிகாரி வேறு அறையில் இருந்தார். ஒலிவாங்கியின் பொத்தானை நான் அழுத்தவில்லை. தலைவர் சுத்தியலைத் தட்டினார், வரி நின்றுவிட்டது. எல்லாரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.

என்னைத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். விளக்கம் கேட்பார்கள், வேலை போனாலும் போகலாம். அது என்னை வாட்டவில்லை. எனக்கு ஒன்று மட்டும் சொல். அந்தச் சிரிப்பு, அந்தக் கதை, என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆடியது எல்லாம் அவரா, மாத்திரையா? உனக்கு அவரோடு நிறைய வருஷங்கள் கிடைத்தன. என்னிடம் இருப்பது அந்த ஒரு அப்பாதான். நீ தினமும் இவர்களைப் பார்க்கிறவள். ஆறுதலுக்காக எதையும் சொல்லாதே.

உன் தம்பி


மார்ச் 8

என் வாலுவுக்கு,

தெரியாது. உண்மையாகவே தெரியாது. டீயில் கரைந்த சர்க்கரையைத் தனியாக எடுத்துக் காட்டச் சொல்கிறாய். கதைகள் அவருடையவைதான், மாத்திரைக்குக் கதை சொல்லத் தெரியாது. அவசரம் மாத்திரையுடையதாக இருந்திருக்கும்.

வந்து இறங்கியதும் நேரே இங்கே வா. வேலை போனால் போகட்டும். இந்த டயர் கடையைக் கூட்டிப் பெருக்க ஆள் தேவைப்படுகிறது.

உனக்குத் தெரியாத அப்பா ஒருவரும் உண்டு. அவரை உனக்குத் தரலாம் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கு அப்போது ஒரு வயது. பாரம் சரிந்து அப்பாவின் கால் முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். வேலை இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை. முதலில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். சின்னப் பிள்ளைபோல அழுதார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதிகம் பேசவில்லை. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத் தலை பின்னிவிட்டார், கோணல்மாணலாக.

ஒரு மதியம் நீ விடாமல் அழுதாய். அம்மாவுக்குக் கை நிறைய வேலை. அப்பா உன்னை வாங்கி நெஞ்சில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டினார். பாட்டும் இல்லை, கதையும் இல்லை, தட்டிக்கொண்டே இருந்தார். உன் அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தமும் நின்றது. என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தேன். நீ கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு அவர் மோவாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். அப்பா தூங்கிப்போயிருந்தார்.

அன்புடன்,
அக்கா