படத்தின் பின்னால் ஒரு கையெழுத்து

14 ஜூன் 1966, செவ்வாய்

இங்கிலாந்தில் தாதிப் பயிற்சிக்குப் போக சிங்கப்பூர் பாஸ்போர்ட் வேண்டும். குமாஸ்தா விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார். என்னை இரண்டு வருடமாவது அறிந்த டாக்டரோ வக்கீலோ என் புகைப்படத்தின் பின்னால் கையெழுத்திட வேண்டுமாம். உறவினர் கூடாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

சிராங்கூன் சாலையில், அப்பாவுக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்த டாக்டரிடம் போனேன்.

"பெஞ்சுல உக்காந்து புஸ்தகம் படிச்சிட்டே இருக்குமே, அந்தப் பொண்ணா நீ?"

"ஆமா டாக்டர்."

"உன் பேரு என்னம்மா?"

சொன்னேன்.

"பேரே இப்பத்தான் தெரியுது லா! ரெண்டு வருஷமாத் தெரியும்னு எப்படி எழுதுறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பேனாவை மூடிவிட்டார்.

பிறந்ததிலிருந்து இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். அடுத்து யாரைக் கேட்பது என்று ஒரு பெயர்கூடத் தோன்றவில்லை.