தார்ப்பாய்மேல் நீ வைத்த புள்ளி

என் மல்லிகாக்கா,

நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாசமாச்சு. இந்தக் கடிதத்தை நம்ம வரைபடக் குழுவில் இருக்கிறவங்களும் படிக்கட்டும். அவங்ககிட்ட நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரல.

சேந்தமங்கலத்து ஜெராக்ஸ் கடையில் ஆள் வராத நேரமெல்லாம் நீ கம்ப்யூட்டரில் கொல்லிமலைக் கூரைகளைத்தான் பார்த்துட்டிருப்பே. யார் வேணாலும் திருத்தக்கூடிய அந்தப் பொது வரைபடத்தில், செயற்கைக்கோள் படத்தை வெச்சு, சோலார் பலகை இருக்கிற ஊட்டுக்கெல்லாம் ஒரு புள்ளி வெப்பே. மலையில் கரண்ட் போனா யார் ஊட்டில் இருக்கும்னு தெரியணும்னு சொல்லுவே. நாங்க நாலு பேரும் உன் பின்னால வந்தோம்.

போன வாரம் காத்து மழையில் மரம் சாய்ஞ்சு ரோடும் கரண்டும் போச்சு. மறுநாள் மத்தியானம் நம்ம மலையில் அரியூர் நாட்டு நர்ஸம்மா எனக்குப் போன் பண்ணாங்க. ஒரு குழந்தைக்கு மூச்சு இழுப்பு. ஆவி மருந்து குடுக்கிற மெஷின் கையில் இருக்கு, ஓட்டக் கரண்ட் இல்ல. பக்கத்தில் சோலார் இருக்கிற ஊடு எதுன்னு கேட்டாங்க. வரைபடத்தைப் பார்த்து, நீ வெச்ச புள்ளியைச் சொல்லிட்டு நானும் ஓடினேன்.

அங்கே கூரைமேல் நீலத் தார்ப்பாய். நாலு மூலையிலும் கல்லு. அந்த ஊட்டம்மா கூசிப்போய், “அது தார்ப்பாய் சாமி. ஓடு ஒழுகுதுன்னு போட்டது,” அப்படின்னாங்க. குழந்தையோட உதடு கறுத்துட்டு வந்துச்சு. அதைத் தூக்கிட்டு நின்ன அம்மா என் முகத்தையே பார்த்தா. நான் எங்கே பார்க்கிறது, சொல்லு?

நர்ஸம்மா சத்தம் போட்டுக் கேட்டதில் மேல்காட்டிலிருந்து ஒருத்தர் இறங்கி வந்தார். “எங்க ஊட்டுல இருக்குதுங்க. பேட்டரியும் நல்லாருக்குது, வாங்க.” செயற்கைக்கோள் படம் எடுத்ததுக்கு அப்புறம்தான் அவர் பலகை மாட்டியிருக்கார். வரைபடத்தில் அவர் ஊட்டுக்குப் புள்ளியே இல்ல. அங்கே மெஷின் ஓடுச்சு. கொஞ்ச நேரத்தில் குழந்தை வாய்விட்டு அழுதுச்சு.

ஊட்டுக்கு வந்ததும் உன்மேல அப்படி ஒரு கோபம். நிச்சயமாத் தெரியாம எப்படி வெச்சே? புள்ளியைத் திறந்து பழைய திருத்தங்களைப் பார்த்தேன். உன் பேருக்குக் கீழே நீயே எழுதியிருந்தே: “சந்தேகம். தங்கச்சி நேரில் பார்த்துச் சொல்லணும்.”

போய்ப் பார்த்துட்டு வரச்சொல்லி நீ போனில் கேட்டது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. மிளகு பறிப்பு முடியட்டும்னு சொன்னேன். அதுக்குள்ள உனக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி. நீ திரும்பக் கேக்கவே இல்ல. நானும் போகல. கால்மணி நேர நடைதானே அக்கா, ஏன் போகாம இருந்தேன்?

அன்னியிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியல. இன்னும் எத்தனை புள்ளி தார்ப்பாயோ? அந்த ஒண்ணை அழிக்கவும் கை வரல. அழிச்சா அந்த இடத்தில் கடைசியா உன் பேர் இருக்காது, என் பேர் இருக்கும். இன்னிக்குக் காலையில் அழிச்சுட்டேன். மேல்காட்டுக்காரர் வாசலில் நின்னுக்கிட்டே, அவர் ஊட்டுக்குப் புதுசா ஒண்ணு வெச்சேன்.

நீ சந்தேகம்னு எழுதின வேற புள்ளிங்க மலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் இன்னும் கிடக்கு. நர்ஸம்மாவும் கூட வாரேன்னாங்க. கூரையைக் கண்ணால பார்க்காம இனி ஒரு புள்ளியும் வெக்க மாட்டேன், ஒண்ணையும் அழிக்க மாட்டேன். மழை இன்னும் விடல. கிளம்பிட்டேன்.

நீ நேரில் பார்க்கச் சொன்ன,
உன் தங்கச்சி